தண்டவாளப் படம் யாருக்குச் சொந்தம்?

நம் புதுச்சேரியில் பல குடும்பங்களுக்குப் பாரிஸில் ஒரு கிளை உண்டு. விடுமுறைக்கு வருகிறவர்களின் பையைக் கவிழ்த்தால் சாக்லேட்டு, சென்ட் பாட்டிலோடு மடித்த காகிதம் ஒன்றும் கீழே விழும். பாரிஸ் மெத்ரோவின் வரைபடம் அது. மஞ்சள், நீலம், பச்சை என்று கோடுகள், கோட்டின் மேல் நிலையங்களின் பெயர்கள். 16 லைன்கள், 300-க்கும் மேற்பட்ட நிலையங்கள், 220 கிலோமீட்டருக்கு மேல் பாதை. இத்தனையும் ஒரு காகிதத்தில். படிக்கத் தெரியாத பாட்டிகூட நிறத்தைப் பார்த்துப் போய்ச் சேர்ந்துவிடுவாள். அந்தப் படத்தின் மேல் எனக்கு எந்தக் குறையும் இல்லை.

ஆனால் அதே மெத்ரோவுக்கு இன்னொரு படமும் உண்டு. அதில் பயணி முக்கியமில்லை, தண்டவாளம்தான் முக்கியம். போகும் பாதை ஒரு கோடு, வரும் பாதை ஒரு கோடு. ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு ரயில் மாறும் இடம், பழுதான வண்டியை ஒதுக்கும் கிளைப்பாதை, வண்டி திரும்பும் வளையம், ஒரு லைனையும் மற்றொரு லைனையும் இணைக்கும் சுரங்கம், பணிமனை, கட்டி முடித்தும் திறக்காத நிலையம், திறந்து மூடிய நிலையம், எல்லாம் அதில் இருக்கும். நிர்வாகத்திடம் இப்படிப் படம் இருப்பதில் வியப்பில்லை. ரயில் பிரியர்கள் சிலர் தாங்களாகவே பல ஆண்டுகள் உழைத்து இதை வரைந்து எல்லோருக்கும் காட்டியிருக்கிறார்கள். அது சரியா தவறா என்பதுதான் இன்றைய பேச்சு. சரி என்பது என் கட்சி. ஏன் என்று சொல்கிறேன்.

என் சித்தப்பா 1962-இல் பிரெஞ்சுக் குடியுரிமையைத் தேர்ந்துகொண்டு கையெழுத்துப் போட்டவர். என் தகப்பனார் போடவில்லை. அதனால் தம்பி அங்கே, நான் இங்கே. ஓய்வு பெற்ற பிறகு அவன் வீட்டுக்குப் போய் ஒரு மாதம் தங்கினேன். அப்போதுதான் 1-ஆம் லைனில் முன்கண்ணாடி ஓரம் உட்காரும் பழக்கம் வந்தது. அந்த லைனில் 2012-க்குப் பிறகு ஓட்டுநர் கிடையாது, 14-ஆம் லைனில் 1998-இல் திறந்த நாளிலிருந்தே கிடையாது. ஓட்டுநர் உட்கார வேண்டிய இடத்தில் பயணி உட்காரலாம். சுரங்கத்தில் ஒரு பாதை இடப்பக்கம் பிரிந்து இருட்டுக்குள் போவதைப் பார்த்தால், அது எங்கே போகிறது என்று கேட்கத் தோன்றாதா? நான் ஒரு சின்ன நோட்டில் குறித்துக்கொண்டே வந்தேன்.

தம்பி மகன் சிரித்தான். "பெரியப்பா, எங்கே ஏறணும், எங்கே இறங்கணும்னு தெரிஞ்சா போதாதா?" என்றான்.

போதும்தான், போய்ச் சேர்வதற்கு. அதை முதலில் ஒப்புக்கொள்கிறேன். 1931-இல் லண்டனில் ஹாரி பெக் என்ற வரைவாளர் சுரங்க ரயிலின் படத்தை வளைவு நெளிவெல்லாம் நீக்கி நேர்கோடுகளாக வரைந்தார். 1933-இல் அது அச்சாகி மக்கள் கைக்கு வந்தது. மண்ணுக்கு மேல் எது எங்கே இருக்கிறது என்ற கவலை பயணிக்கு வேண்டாம், வரிசை தெரிந்தால் போதும் என்பது அவர் கண்ட உண்மை. அவர் பாரிஸுக்கும் ஒரு படம் வரைந்து பார்த்தார், பாரிஸ் அதை ஏற்கவில்லை. ஆனாலும் இன்று உலகத்தில் உள்ள மெத்ரோ படங்களில் பெரும்பாலானவை அவர் காட்டிய வழியில் வந்தவைதான். அவசரத்தில் இருப்பவனுக்கு அது பெரிய உபகாரம்.

ஆனால் உபகாரத்துக்காகச் சுருக்கிய படத்தையே முழுப்படம் என்று நினைக்கப் பழகிவிட்டால், நம் காலுக்குக் கீழே இருப்பதைப் பற்றிக் கேட்கும் வழக்கமே போய்விடும். தண்டவாளப் படத்தை விரித்தால் கேள்விகள் தானாக வரும்.

மெத்ரோ வண்டிகள் வலப்பக்கம் ஓடும். பிரான்சின் மற்ற ரயில்கள் பெரும்பாலும் இடப்பக்கம் ஓடும். ஏன்? பாரிஸுக்குள் ரயில் விடுவது யார் என்று நகராட்சிக்கும், அரசுக்கும் பெரிய ரயில் கம்பெனிகளுக்கும் இடையே பல பத்தாண்டுகள் இழுபறி நடந்தது. கம்பெனிகள் தங்கள் வண்டிகளை நகரத்துக்குள் விட்டுக் குறுக்கே ஓட்டப் பார்த்தன. நகராட்சிக்கு அது பிடிக்கவில்லை. தண்டவாள அகலம் பொது அளவில்தான் இருக்க வேண்டும் என்று அரசு பிடிவாதம் பிடித்ததால், நகராட்சி வேறு வழி கண்டது. சுரங்கத்தைச் சிறிதாகக் கட்டியது. மெத்ரோப் பெட்டியின் அகலம் 2.40 மீட்டர்தான். பெரிய ரயில் பெட்டி உள்ளே நுழையவே முடியாது. 1900 ஜூலை 19-இல் முதல் வண்டி ஓடியபோது அந்தச் சண்டையின் தீர்ப்பு கல்லில் எழுதப்பட்டுவிட்டது. இன்றும் பெட்டியில் நெரிசலில் நிற்கிறவர் அந்தச் சண்டையின் பலனைத்தான் அனுபவிக்கிறார்.

இந்த வேலையை நடத்தியவர் ஃபுல்ழான்ஸ் பியன்வெனு என்ற பிரெத்தாஞ் பகுதிப் பொறியாளர். 1881-இல் ரயில் பாதை வேலையில் நடந்த விபத்தில் இடது கையை இழந்தவர். மிச்சமிருந்த ஒரு கையோடு ஒரு நகரத்தின் அடிவயிற்றையே வரைந்தார். மோன்பர்னாஸ் நிலையத்துக்கு அவர் பெயரையும் சேர்த்து வைத்தார்கள். பயணிகள் படத்தில் அவர் ஒரு பெயர் மட்டும். தண்டவாளப் படத்தில் ஒவ்வொரு வளைவிலும் அவர் யோசித்தது தெரியும்.

வளைவு என்றதும் 4-ஆம் லைன் நினைவுக்கு வருகிறது. வடக்கிலிருந்து தெற்கே வரும் பாதை, சேன் நதியைக் கடக்க வேண்டும். முதலில் போட்ட திட்டம் பிரெஞ்சு அகாதெமி இருக்கும் ஆன்ஸ்தித்யூ கட்டடத்தின் வழியாகப் போனது. எங்கள் காலடியில் ரயிலா என்று அறிஞர் பெருமக்கள் ஒப்பவில்லை. பாதை கிழக்கே ஒதுங்கிச் சித்தே தீவின் வழியாகப் போனது. நதிக்கடியில் இரும்புக் கூடுகளை இறக்கி, சேன் மிஷேல் பக்கம் ஈரமண்ணை உறைய வைத்துத் தோண்டி, 1910-இல் முடித்தார்கள். பயணிகள் படத்தில் அது வெறும் கோடு. தண்டவாளப் படம் தெரிந்தவனுக்கு அங்கே வண்டி கிறீச்சிட்டுத் திரும்பும்போது அகாதெமியின் முணுமுணுப்பும் கேட்கும்.

மேற்கே 10-ஆம் லைனில் ஓத்தேய் பகுதி இன்னும் வேடிக்கை. அங்கே போக ஒரு வழி, வர ஒரு வழி. மிராபோ நிலையத்தில் ஒரு திசை வண்டிதான் நிற்கும். எதிர்த்திசை வண்டி அதே நிலையத்தின் ஊடே, நதியடியிலிருந்து மேட்டுக்கு ஏறும் சரிவுப் பாதையில், நிற்காமல் ஏறிப் போகும். நடைமேடையில் நிற்கிறவர் எதிரே வண்டி மலை ஏறுவதைப் பார்க்கலாம். பக்கத்திலேயே போர்த் மோலித்தோர் என்று ஒரு நிலையம். 1920-களில் கட்டினார்கள். மேலே தெருவுக்குப் போகும் வழியைக் கட்டவே இல்லை. கிழக்கே ஆக்ஸோ என்று அதற்கு ஒரு ஜோடி. இரண்டிலும் இன்றுவரை ஒரு பயணிகூட டிக்கெட் வாங்கி ஏறியதில்லை. பொதுப்பணம் போட்டுக் கட்டிய நிலையம், பொதுமக்கள் படத்தில் இல்லை. 1939 செப்டம்பரில் போர் தொடங்கியபோது பல நிலையங்களை மூடினார்கள். அர்செனால், குருவா ரூழ், ஷான் தெ மார்ஸ் மூன்றும் பிறகு திறக்கவே இல்லை. படத்திலிருந்து பெயரை எடுத்தார்கள். நிலையத்தை எடுக்க முடியுமா? அது அங்கேயேதான் இருக்கிறது. வண்டி அதன் வழியாகத்தான் ஓடுகிறது.

நம் ஊர்ப் பெயர் ஒன்றும் இதில் உண்டு. 6-ஆம் லைனில் துய்ப்ளெக்ஸ் என்று ஒரு நிலையம். 1906-இல் திறந்தது, தூண்களின் மேல் நிற்பது. அந்தப் பகுதியில் 'ரூ தெ பொந்திஷேரி' என்று ஒரு தெருவும் இருக்கிறது. இங்கே நாம் துய்ப்ளெக்ஸ் வீதியை நேரு வீதி ஆக்கிவிட்டோம், சிலையைக் கடற்கரையின் தென்கோடியில் நிற்க விட்டோம். அங்கே அவர் ரயில் நிலையமாக இருக்கிறார். அதே லைனின் மேற்குக் கோடியான எத்துவாலில் வண்டி ஒற்றைப் பாதை வளையத்தில் நுழையும். ஒரு பக்கக் கதவில் இறங்குவார்கள், மறுபக்கக் கதவில் ஏறுவார்கள், வண்டி முகத்தைத் திருப்பாமலே வந்த வழிக்குத் திரும்பிவிடும். வளையம் இருப்பதால்தான் இது முடிகிறது.

2-ஆம் லைனில் லா ஷப்பேல் நிலையத்தில் இறங்காத தமிழர் பாரிஸில் அபூர்வம். கீழே இலங்கைத் தமிழர் கடைகள், மளிகை, நகை, சேலை, இடியாப்பம். ஆண்டுக்கு ஒருமுறை பிள்ளையார் தேரும் அந்தப் பக்கத் தெருக்களில் வரும். அந்த இடத்தில் மட்டும் மெத்ரோ ஏன் வானத்தில் ஓடுகிறது என்று எத்தனை பேர் கேட்டிருப்பார்கள்? வடக்கு ரயில் நிலையத்தின் தண்டவாளங்களும், கிழக்கு ரயில் நிலையத்தின் தண்டவாளங்களும், சேன் மர்த்தேன் கால்வாயும் வரிசையாகக் குறுக்கே வருகின்றன. அவற்றுக்கு அடியில் புகுவதைவிட மேலே தாண்டுவது சுலபம் என்று நான்கு நிலையங்களைத் தூண்மேல் ஏற்றினார்கள். காரணம் தெரிந்தபின் அந்தத் தூண்கள் வேறு மாதிரித் தெரியும்.

இதெல்லாம் சுவாரசியம், சரி. ஆனால் நான் சொல்ல வருவது சுவாரசியத்தைத் தாண்டிய விஷயம்.

பாரிஸின் கீழே மெத்ரோவுக்கு முன்னமே பள்ளங்கள் இருந்தன. நூற்றாண்டுக் கணக்கில் வீடு கட்டக் கல்லும் சுண்ணமும் தோண்டிய சுரங்கங்கள். யார் எங்கே தோண்டினார்கள் என்று கணக்கு இல்லை. 1774-இல் ஒரு தெரு அப்படியே உள்ளே போனது. 1777-இல் பதினாறாம் லூயி மன்னர் சுரங்கங்களுக்கென்று ஒரு கண்காணிப்பு அலுவலகம் அமைத்தார். கியோமோ என்ற கட்டடக் கலைஞர் பொறுப்பேற்று, ஊருக்கடியில் நடந்து நடந்து அளந்து படம் போடத் தொடங்கினார். மேலே எந்தத் தெருவோ அந்தத் தெருவின் பெயரைக் கீழே சுவரில் செதுக்கி வைத்தார்கள். முடியாட்சி போயிற்று, புரட்சி வந்தது, பேரரசு வந்து போயிற்று, அந்த அலுவலகம் மட்டும் நின்றது. நூற்றிருபது ஆண்டு கழித்து மெத்ரோ தோண்ட வந்தவர்களுக்கு அந்த மாதிரிப் படங்கள்தான் எங்கே மண் உறுதி, எங்கே வெற்றிடம் என்று சொல்லின. வடகிழக்கே தானுய்ப் நிலையம் பழைய ஜிப்சக் குழியின் மேல் இருக்கிறது. மண்ணுக்குள்ளே உயரமான தூண்கள் எழுப்பி, பாலம் கட்டுவதுபோல் கட்டி, அதன்மேல் நிலையத்தை வைத்தார்கள். படம் இல்லாமல் அந்த வேலை நடக்குமா?

கீழே இருப்பதை அறியாவிட்டால் என்ன ஆகும் என்பதற்குக் கறுப்பு நாள் ஒன்றும் அங்கே உண்டு. 1903 ஆகஸ்டு 10, கூரோன் நிலையம். வண்டியில் மின்கோளாறால் தீப்பிடித்தது. விளக்குகளும் வண்டிக்கான மின்சாரமும் ஒன்றாக இருந்ததால் நிலையம் இருண்டது. புகையில் மக்கள் வெளிவழி இருந்த பக்கம் போகாமல் மறுகோடிச் சுவர்ப் பக்கம் ஓடினார்கள். 84 பேர் இறந்தார்கள். தண்டவாளப் படம் அவர்களைக் காப்பாற்றியிருக்கும் என்று நான் சொல்லவில்லை. அன்று வேண்டியிருந்தது வெளிச்சமும் வழிகாட்டிப் பலகையும்; அதன்பின் விளக்குகளுக்குத் தனி மின்சாரம் வைத்தார்கள். ஆனால் பூமிக்கு அடியில் இருக்கும் இடத்தின் அமைப்பு பயணிக்கு வேண்டாத விஷயம் என்ற நினைப்பு எவ்வளவு ஆபத்தானது என்பதற்கு அதைவிட வேறு சாட்சி வேண்டாம்.

எதிர்க்கட்சியின் வாதத்தையும் சொல்ல வேண்டும். தம்பி மகன் சொன்னான்: "பெரியப்பா, 1995 ஜூலையிலே சேன் மிஷேல் நிலையத்திலே புறநகர் ரயில்ல குண்டு வெடிச்சு எட்டுப் பேர் செத்தாங்க. இந்த மாதிரிப் படத்தை எல்லார் கையிலேயும் கொடுக்கலாமா?" நியாயமான கேள்வி. அந்தப் பயத்தை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. ஆனால் யோசித்துப் பாருங்கள். அந்தக் கொடுமையைச் செய்தவர்களுக்கு எந்த ரகசியப் பாதையும் தேவைப்படவில்லை. எல்லோரும் ஏறும் வண்டியில், எல்லோரும் வரும் நேரத்தில் வைத்தார்கள். அதற்குப் பயணிகள் படமே போதும். மின்சார அறைகள் எங்கே, கட்டுப்பாட்டு அறையின் கம்பிகள் எந்த வழி, காவலில்லாத கதவு எது என்பதையெல்லாம் மறைத்து வையுங்கள், யாரும் கேட்கவில்லை. தண்டவாளம் எந்தப் பக்கம் வளைகிறது, எந்த லைன் எந்த லைனோடு சேர்கிறது என்பதில் மறைக்க என்ன இருக்கிறது? முன்கண்ணாடி வழியாகத் தினமும் ஆயிரம் பேர் பார்ப்பதை ரகசியம் என்று சொன்னால், ரகசியம் என்ற சொல்லுக்கே மதிப்புப் போய்விடும்.

பயணிக்கு அதனால் என்ன லாபம் என்று கேட்டால் அதற்கும் பதில் உண்டு. இரவு ஒரு மணி வாக்கில் மெத்ரோ நிற்கிறது, காலை ஐந்தரைக்குத் திரும்ப ஓடுகிறது. இடைப்பட்ட அந்தச் சில மணி நேரத்தில் பராமரிப்பு வண்டிகள் ஒரு லைனிலிருந்து இன்னொரு லைனுக்கு இணைப்புச் சுரங்கம் வழியாகப் போகின்றன. டயர் சக்கரத்தில் ஓடும் லைன்களில்கூட இரும்புத் தண்டவாளத்தை விட்டுவைத்திருக்கிறார்கள். ஒரு நிலையத்தில் கோளாறு வந்தால் ஏன் அங்கே மட்டும் நிற்காமல் பாதி லைனே நிற்கிறது? வண்டி பாதை மாறும் இடம் அதற்கு மூன்று நிலையம் தள்ளி இருக்கும், அதனால். இது தெரிந்தவன் நிலைய ஊழியரிடம் சண்டைக்குப் போகமாட்டான். புது லைனுக்கு நிர்வாகம் பணம் கேட்கும்போதும், திரும்பும் பாதை எத்தனை வைத்திருக்கிறாய் என்று பொருளுள்ள கேள்வி கேட்பான். வரி கொடுக்கிறவன் அப்படிக் கேட்பது நல்லதுதானே?

என் சொந்த அனுபவம் ஒன்று. எந்த அலுவலகம் என்று சொல்லப் போவதில்லை. பதிவறையில் நான் குமாஸ்தாவாக இருந்த காலத்தில் அங்கே தகரக் குழல்களில் பழைய பிளான்கள் இருந்தன. பிரெஞ்சுக்காரர் காலத்தில் மை போட்டு வரைந்தவை. தண்ணீர்க் குழாய், கழிவுநீர்ப் பாதை எல்லாம் அதில் தெரியும். 'கொந்துயித்' என்றால் குழாய், 'வன்' என்றால் வால்வு, 'எகு' என்றால் சாக்கடை. பிரெஞ்சுப் பள்ளியில் படித்து பிரெவே வாங்கியவன் என்பதால் என்னைக் கூப்பிட்டுப் படிக்கச் சொல்வார்கள். இதை நகல் எடுத்துத் தமிழில் குறிப்பு எழுதி, பிரிவு அலுவலகங்களில் மாட்டலாமா என்று குறிப்பு எழுதி வைத்தேன். மேலிருந்து ஒரு வரியில் பதில் வந்தது: வெளியில் காட்டத்தக்கதல்ல. குழல்கள் மறுபடி அலமாரிக்குள் போயின, சாவி மேலதிகாரியின் மேசைக்குப் போயிற்று.

அப்போதெல்லாம் அலமாரி பூட்டியிருந்தாலும் வேலை நடந்தது. ஒரு பழைய மேஸ்திரி இருந்தார். எந்த முனையில் எத்தனை முழத்தில் வால்வு என்று காலால் அழுத்திச் சொல்வார். அவர் ஓய்வு பெற்றார், பிறகு காலமானார். சில ஆண்டுகள் கழித்து ஒரு மழைக்காலத்தில் குழாய் உடைந்து சாக்கடையோடு கலந்தது. மூடும் வால்வைத் தேடி மூன்று நாள் தெருவைத் தோண்டினார்கள். தெருவில் வயிற்றுப்போக்கு பரவியது. அலமாரியைத் திறந்தபோது குழலுக்குள் கறையான் மண்தான் இருந்தது. ரகசியமாக வைத்தோம், ரகசியமாகவே போயிற்று. எதிரி யாரும் அந்தப் பிளானைத் திருடவில்லை. நாமே தொலைத்தோம்.

அந்தப் பாரிஸ் ரயில் பிரியர்களை நான் ஏன் மெச்சுகிறேன் என்று இப்போது புரியும். அவர்கள் சம்பளம் வாங்கவில்லை. பழைய பிளான், பழைய புகைப்படம், தங்கள் கண், இவற்றை வைத்து ஒரு நகரத்தின் பொதுச்சொத்துக்குப் பட்டா எழுதியிருக்கிறார்கள். ஒரு பிரதி ஓர் அலமாரியில் இருந்தால் அதற்குக் கறையான் போதும். ஆயிரம் பேரிடம் இருந்தால் ஒன்றும் செய்ய முடியாது. தவறாக ஒரு கோடு போட்டாலும் பார்க்கிற ஆயிரம் கண்களில் ஒன்று திருத்திவிடும். பூட்டி வைத்த படத்தில் தவறு இருந்தால் அதை நம்பித் தோண்டும்போதுதான் தெரியவரும்.

நிர்வாகங்களுக்கு என் யோசனை இதுதான். பயணிகள் படத்தை எளிமையாகவே வைத்திருங்கள். அதோடு, பத்தாண்டுக்கு ஒருமுறையாவது தண்டவாளப் படத்தையும் அச்சிட்டு நூலகங்களில் வையுங்கள். பாதுகாப்புக்கு உண்மையாகவே வேண்டியதை மட்டும் விட்டுவிடுங்கள். பள்ளிப் பிள்ளைகளுக்கு அந்தப் படத்தைக் காட்டுங்கள். அடுத்த பியன்வெனு அவர்களில் ஒருவராக இருக்கலாம்.

நமக்கும் ஒரு வேலை இருக்கிறது. இதைப் படிக்கும் உங்களில் பலர் மின்சாரம், பொதுப்பணி, நகராட்சி, தபால் தந்தி என்று ஏதோ ஒரு துறையில் முப்பது நாற்பது ஆண்டு உழைத்து ஓய்வு பெற்றவர்கள். எந்தத் தெருவில் எந்தக் கேபிள், எந்த மரத்தடியில் எந்தக் கிணற்றை மூடினார்கள், எந்தக் கால்வாய் எந்த வீட்டுக்கு அடியில் போகிறது என்பது உங்கள் தலைக்குள் இருக்கிறது. எழுபதைத் தாண்டிவிட்டோம். ஒரு வெள்ளைத்தாளும் பென்சிலும் எடுங்கள். அழகாக வராவிட்டால் பரவாயில்லை. திசையைக் குறியுங்கள், தூரத்தைக் குறியுங்கள், ஆண்டைக் குறியுங்கள். இரண்டு பிரதி எடுத்து ஒன்றைப் பேரப்பிள்ளையிடமும் ஒன்றை நூலகத்திலும் கொடுங்கள்.